லேமினெக்டமி: தகடு நீக்கம்

சான்றிதழுக்கு லேமினேஷன் போடுகிறோமே, அதுவும் பூனையின் முதுகில் செய்யும் லேமினெக்டமி என்ற ஆபரேஷனும் ஒரே தாய் பிள்ளைகள். தாய் 'லாமினா' என்ற லத்தீன் சொல். மெல்லிய தகடு என்று பொருள். பின்பாதியான 'எக்டமி' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'எக்' என்றால் வெளியே, 'டோமே' என்றால் வெட்டு. முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம் என்று கலப்பில் பிறந்த சொல்.

எந்தத் தகடு? ஒவ்வொரு முள்ளெலும்பும் ஒரு வளையம் மாதிரி. நாலு காலில் நிற்கும் பூனைக்கு வளையத்தின் தரை கெட்டியான எலும்பு. கூரை, இரு பக்கமிருந்தும் சாய்ந்து வந்து நடுவில் சேரும் இரண்டு தகடுகள். உள்ளே ஓடுவது தண்டுவடம். தரை எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க்.

இதை நாம் 'ஜவ்வு' என்கிறோம். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்லாத தெரு கிடையாது. ஆனால் சவ்வு என்பது மெல்லிய படலம். டிஸ்க்கோ நார் வளையமும் நடுவில் கூழும் கொண்ட தடித்த வில்லை. அது விலகுவதும் இல்லை: கூழ் வறண்டு இறுகுகிறது, நார் கிழிகிறது, உள்ளிருப்பது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. 'வட்டு' என்பதே சரியான சொல். கிரேக்க 'டிஸ்கோஸ்' விளையாட்டில் எறியும் தட்டு. நாமும் அந்த விளையாட்டை வட்டெறிதல் என்றுதான் சொல்கிறோம். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்ற குறளிலும் வட்டு ஆட்டக்காய்தான். தெற்கே கருப்பட்டியைக்கூட வட்டுக் கணக்கில் விற்பார்கள். ஆக, வட்டுப் பிதுக்கம்.

பிதுங்கியது வட்டு, எடுப்பது தகடு. பலர் குழம்புவது இங்கேதான். வட்டுச் சரக்கு தண்டுவடத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ கிடக்கும். அதை வழித்தெடுக்க வழி வேண்டும். பூனைக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத் தகட்டை மட்டும் எடுப்பார்கள். அதன் பெயர் ஹெமிலேமினெக்டமி. 'ஹெமி' என்றால் அரை. அதற்காக 'அரைத்தகடு நீக்கம்' என்று எழுதினால் ஏதோ பாதியில் விட்ட ஆபரேஷன் போலிருக்கிறது. 'ஒருபக்கத் தகடு நீக்கம்' என்பதே என் தேர்வு. 'திறப்பு' என்றும் எழுத வேண்டாம். திறந்த கதவை மூடுவோம், இந்தத் தகட்டைத் திரும்ப வைப்பதில்லை. அந்த இடத்தைத் தசையும் தழும்பும் மூடிக்கொள்ளும்.

1887-இல் லண்டனில் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி முள்ளெலும்புத் தகடுகளை அகற்றி, ஒரு மனிதரின் தண்டுவடத்தை அழுத்திய கட்டியை எடுத்தார். குற்றவாளி வட்டாகவும் இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றது, 1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. 1952-இல் ஸ்வீடனின் கால்நடை மருத்துவர் ஹான்சன் நாய்களின் வட்டு நோயை இரண்டு வகையாகப் பிரித்தார். பூனைக்கும் அந்த வகைப்பாடே. டாஷ்ஹண்ட் நாய்களுக்குச் சகஜமான இந்த நோய் பூனைக்கு அபூர்வம். பூனையின் பின்னங்கால் திடீரென விழுந்து, பாதம் சில்லென்று இருந்தால் இரத்தக்கட்டி அடைப்பாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

'டீப் பெயின்' பார்த்தோம் என்பார்கள் டாக்டர்கள். ஆழ்வலி உணர்வு. பூனையின் கால்விரலை இறுக்கிக் கிள்ளும்போது கால் சுருங்கினால் போதாது, அது வெறும் அனிச்சை. பூனை திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வந்தால் இன்னும் நல்லது. இந்த உணர்வு இருந்தால் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்தபின் காதில் விழும் சொல் 'எக்ஸ்பிரஸ்': பிளாடரை, அதாவது சிறுநீர்ப்பையை, எக்ஸ்பிரஸ் பண்ணுங்கள். இதற்கும் ரயிலுக்கும் மூலம் ஒன்றுதான், அமுக்கி வெளியேற்று என்ற லத்தீன். தானாகச் சிறுநீர் போக முடியாத பூனைக்கு, டாக்டர் காட்டித்தந்தபடி ஒரு நாளில் பல தடவை அடிவயிற்றை மெல்ல அமுக்கிவிட வேண்டும். கூடவே நாலு முதல் ஆறு வாரம் கூண்டு ஓய்வு. பீரோ மேல் ஏறுவதெல்லாம் அப்புறம்தான்.