ஸ்ட்ராட்டஜி: வியூகம் அல்ல, உத்தி

காப்பிக் கடை நிறுவனம் ஒன்று நாடு நாடாகக் கடை திறந்த வரலாற்றைத் தமிழாக்கத்தில் படித்தேன். நான்கு பக்கத்துக்குள் 'சர்வதேச விரிவாக்க வியூகம்' பதினோரு இடத்தில் வருகிறது. நுழைவு வியூகம், விலை வியூகம், கூட்டாளி வியூகம் எல்லாம் தனி. ஸ்ட்ராட்டஜி என்ற ஆங்கிலச் சொல்லை வியூகம் என்று எழுதுவதைத் தேர்தல் செய்தியிலும் கிரிக்கெட் செய்தியிலும் பொறுத்துக்கொண்டேன். வணிகக் கட்டுரையில் பொறுக்க முடியவில்லை. இங்கே இந்தச் சொல் பொருளையே கெடுக்கிறது.

ஸ்ட்ராட்டஜி கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்ட்ராட்டோஸ் என்றால் படை, ஆகெய்ன் என்றால் நடத்துதல். படையை நடத்துபவர் ஸ்ட்ராட்டகோஸ். பழைய ஏதென்ஸில் ஆண்டுக்குப் பத்துப் பேரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆங்கிலத்தில் வணிக நிர்வாகத்துக்கு இச்சொல் பரவலாக வந்து சேர்ந்தது 1960களில்தான்.

போர்ச்சொல்லுக்குப் போர்ச்சொல் சரிதானே என்பார்கள். சரியில்லை. வியூகம் என்பது அணிவகுப்பு. இன்று காலை யானை எங்கே நிற்கும், தேர் எங்கே நிற்கும், பின்னால் யார் என்பது. பாரதப் போரில் வியூகம் அன்றன்றைக்கு மாறியது. வைணவ ஆகமத்தில் வாசுதேவன், சங்கர்ஷணன், பிரத்யும்னன், அநிருத்தன் என்ற நால்வரை வியூக மூர்த்திகள் என்பதிலும் வகுத்து நிறுத்துதல் என்ற கருத்தே இருக்கிறது. துரோணரையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமனை உயிரோடு பிடிக்க வேண்டும், அதற்கு அர்ச்சுனனை அப்பால் இழுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது ஒன்று. அதற்காகப் பதின்மூன்றாம் நாள் சக்கர வியூகம் வகுத்தது வேறொன்று. முதலாவதுதான் ஸ்ட்ராட்டஜி. இரண்டாவதை ஆங்கிலத்தில் டாக்டிக்ஸ் என்பார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவதின் பெயரை முதலாவதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சொல் பிசகினால் என்ன கெட்டுவிடும்? ஸ்டார்பக்ஸின் கதையையே பார்க்கலாம். வட அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் கடை 1996இல் டோக்கியோவின் கின்சாவில் திறந்தது. தனியாகப் போகவில்லை, சாசபி என்ற ஜப்பானிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து போனது. பிரிட்டனில் 1998இல், அங்கே ஏற்கெனவே கடைகள் வைத்திருந்த சியாட்டில் காபி கம்பெனியை விலைக்கு வாங்கி நுழைந்தது. 1999இல் குவைத்தில் தன் பெயரில் கடை நடத்த அல்ஷாயா குழுமத்துக்கு உரிமம் கொடுத்தது. 2012இல் இந்தியாவுக்கு வந்தபோது டாட்டாவோடு சரிபாதிப் பங்கு. எந்த நாட்டில் கூட்டு, எங்கே உரிமம், எங்கே சொந்த முதல் என்று தீர்மானிப்பதுதான் ஸ்ட்ராட்டஜி. ஜப்பானில் பச்சைத் தேயிலைப் பானத்தைப் பட்டியலில் சேர்ப்பது அன்றாடக் களவேலை. ஆஸ்திரேலியாவில் 2000 முதல் சொந்தமாகவே கடைகளை வேகமாகத் திறந்துகொண்டு போனார்கள். இத்தாலியரும் கிரேக்கரும் குடியேறி எஸ்பிரெசோவை ஊன்றிவிட்ட நாடு அது. 2008இல் எண்பதுக்கு மேற்பட்ட கடைகளில் 61ஐ மூடினார்கள்; எஞ்சியவை 2014இல் உரிமத்தின் பேரில் உள்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போயின. என்ன தவறியது என்று தமிழில் எழுத வேண்டுமானால், கடை அடுக்கிய விதத்துக்கு ஒரு சொல்லும், அந்த நாட்டுக்குள் எப்படிப் போவது என்ற முடிவுக்கு வேறொரு சொல்லும் வேண்டும். இரண்டையும் வியூகம் என்றால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

இலங்கைத் தமிழில் மூலோபாயம் என்பார்கள். மூல உபாயம், பொருள் வியூகத்தைவிட எவ்வளவோ நெருக்கம். அங்கே பாடநூல் முதல் செய்தி வரை புழங்கும் சொல்லை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பழகாதவர்களுக்கு நாக்கில் ஒட்டாது. 'விரிவாக்க மூலோபாயம்' என்று ஒரு கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

என் மனம் உண்மையில் கேட்பது சூழ்ச்சி என்ற சொல்லை. சூழ்தல் என்றால் ஆராய்தல், எண்ணித் திட்டமிடுதல். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள். ஊழை விலக்க 'மற்றொன்று சூழினும்' என்பதிலும் அதே பொருள்தான். இவ்வளவு நேர்த்தியான தமிழ்ச்சொல்லைச் சதி என்ற பொருளுக்குள் அடைத்துவிட்டோம். 'காப்பி நிறுவனத்தின் விரிவாக்கச் சூழ்ச்சி' என்று எழுதினால் வழக்குப் போடுவார்கள். தந்திரமும் அப்படியே கெட்டது. நூல் என்று பொருள்பட்ட சொல், இன்று ஏமாற்று வேலை. இழந்ததை நினைத்து வருந்தலாமே தவிர, ஒரு கட்டுரையாளர் தனியாக மீட்க முடியாது.

மிஞ்சுவது உத்தி. தொல்காப்பிய மரபியல் முப்பத்திரண்டு உத்தி சொல்கிறது. நன்னூலும் முப்பத்திரண்டு சொல்கிறது. 'ஏற்புழி அறிந்து இதற்கு இவ்வகை யாமெனத் தகும்வகை செலுத்துதல்' என்று நன்னூல் தரும் இலக்கணம், இடமறிந்து அந்த இடத்துக்கு இன்ன வழி என்று தேர்ந்து செலுத்துவதையே சொல்கிறது. நூல் செய்வதற்குச் சொன்ன இலக்கணம் ஸ்ட்ராட்டஜிக்கு அப்படியே பொருந்துகிறது. உத்தியும் வடமொழி யுக்திதானே என்று கேட்பார்கள். இருக்கட்டும். வியூகத்தை நான் மறுப்பது அதன் பிறப்புக்காக அல்ல, பொருளுக்காக. கதை சொல்லும் உத்தி, பந்து வீசும் உத்தி என்று சிறு நுட்பங்களுக்கும் இச்சொல் ஓடுகிறது என்பதுதான் கனமான மறுப்பு. அந்த இடங்களில் நுட்பம் என்று எழுதினால் உத்தி விடுபடும். வியூகத்தையும் துரத்த வேண்டியதில்லை. போட்டிக்காரர் கடைக்கு எதிரே, பக்கத்தில், முனையில் என்று சுற்றிக் கடை வைத்தால் அது வியூகம்தான், தாராளமாக எழுதலாம்.

நான் படித்த தமிழாக்கத்தில், ஸ்ட்ராட்டஜியும் டாக்டிக்ஸும் சேர்ந்து வரும் ஒரு வரியை 'வியூகங்களும் உத்திகளும் நாட்டுக்கு நாடு மாறும்' என்று தலைகீழாக எழுதியிருந்தார்கள். அந்த வரி இப்படி வந்திருக்க வேண்டும்: 'ஒரு நாட்டுக்கு உத்தி ஒன்றுதான், வியூகம் தெருவுக்குத் தெரு மாறும்.'