பதின்மூன்றாம் தேதியா, முப்பதாம் தேதியா?

வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று ஆரம்பித்தாலே, "இதெல்லாம் எல்.கே.ஜி. பாடம் சார்" என்று சிரிப்பார்கள். ஆனால் இன்டர்வியூ தேதியே தவறிப்போவது இந்த எல்.கே.ஜி. பாடத்தில்தான்.

போனில் ஒருவர் 'தேர்ட்டீன்த்' என்கிறார். நம் காதில் 'தேர்ட்டியெத்' என்று விழுகிறது. 13 எங்கே, 30 எங்கே! பதின்மூன்றாம் தேதிக்கு இரண்டே அசை. 'டீ' நீண்டு, 'ன்த்' என்று மூக்கொலியோடு முடியும். முப்பதாம் தேதிக்கு மூன்று அசை. அழுத்தம் 'தேர்' மேல் விழும், 'டி' குறில், அப்புறம் 'யெத்'. நம்மில் பலர் இந்த மூன்று அசையை 'தேர்ட்டீத்' என்று இரண்டாக அமுக்கிவிடுகிறோம். கேட்கிறவர் பாவம், என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் கூச்சமே வேண்டாம், "ஒன் த்ரீயா, த்ரீ ஜீரோவா?" என்று கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. கிழமையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எழுத்தில் வேறு தொல்லை. 21-க்குப் பக்கத்தில் டி.ஹெச். போட்ட பயோடேட்டாக்கள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதற்கு மனப்பாடம் தேவையில்லை. அந்த எண்ணை வாயால் சொல்லிப் பாருங்கள்: ட்வெண்டி ஃபர்ஸ்ட். அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துதான் எண்ணுக்குப் பக்கத்தில் வரும், ஆகவே எஸ்.டி. இதே கணக்கில் 22-க்கு என்.டி., 23-க்கு ஆர்.டி. ஆனால் 11, 12, 13 மூன்றும் இலெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த் என்று முடிவதால் டி.ஹெச்.தான். 111, 112, 113-க்கும் அப்படியே. ஸ்பெல்லிங்கில் இரண்டு இடம் கவனம்: ஒன்பதாவதில் நைன் என்பதன் கடைசி 'ஈ' காணாமல் போகும், பன்னிரண்டாவதில் 'வி' போய் 'எஃப்' வரும்.

கடிதத்தில் ஆகஸ்ட் 15 என்று வெறும் எண் போட்டால் தப்பில்லை. வாசிக்கும்போது மட்டும் 'த ஃபிஃப்டீன்த் ஆஃப் ஆகஸ்ட்' என்று சொல்லுங்கள். அமெரிக்கர்கள் 'ஆகஸ்ட் ஃபிஃப்டீன்த்' என்பார்கள். அதேபோல ரூம் நம்பர் 12 வேறு, ட்வெல்ஃப்த் ரூம் வேறு. முன்னது கதவில் எழுதியிருக்கும் எண். பின்னது வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் பன்னிரண்டாவதாக வரும் அறை.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டிஷ் வழக்கப்படி நமக்குத் தரைத்தளம் கிரவுண்ட் ஃப்ளோர், அதற்கு மேலே இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அங்கே பெரும்பாலும் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். 'தேர்ட் ஃப்ளோருக்கு வாருங்கள்' என்றால் நம் கணக்கில் அது இரண்டாம் மாடி. லிஃப்டில் ஏறினால் குழப்பமில்லை, 3-ஐ அழுத்தினால் சரியாக இறங்கிவிடலாம். நம்மூர்ப் பழக்கத்தில் படிக்கட்டை எண்ணிக்கொண்டு ஏறுகிறவர்தான் ஒரு மாடி அதிகமாக ஏறிவிட்டு நிற்பார்.