பிளஸ் டூ மதிப்பெண் குறைவு: நர்சிங் படிப்பில் சேர விதி உண்மையில் எவ்வளவு கேட்கிறது?

நர்சிங் படிப்புகளுக்கான கல்வித் தகுதியை நாடு முழுவதற்கும் வகுத்து வந்திருப்பது, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறுப் பணி ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆயினும் ஆணையம் தன் சொந்தத் தரநிலைகளை வகுக்கும் வரை, கவுன்சில் வகுத்த விதிகளே நடைமுறையில் இருக்கும் என்று அச்சட்டமே கூறுகிறது. ஆகவே, குறைந்த மதிப்பெண் பெற்ற ஒரு மாணவர் தனக்கு இடமுண்டா என்று பார்க்க வேண்டியது அந்த விதிகளைத்தான்.

அவற்றில் உள்ள குறைந்தபட்ச மதிப்பெண், பெரும்பாலான பெற்றோர் மனத்தில் வைத்திருக்கும் அளவைவிட வெகுவாகக் குறைவு. எழுபது, எண்பது விழுக்காடு இல்லாவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது என்று ஊரில் சொல்லப்படுவது அரசுக் கல்லூரி இடங்களுக்கு நடக்கும் போட்டியைப் பார்த்துச் சொல்லப்படுவது. விதியில் அப்படி எதுவும் இல்லை. விண்ணப்பிக்கத் தேவையான தகுதி மதிப்பெண் என்பது ஒன்று, கலந்தாய்வில் இடம் கிடைக்கத் தேவையான தரவரிசை என்பது வேறொன்று. முதலாவது எழுதி வைக்கப்பட்டது, ஆண்டுதோறும் மாறாதது. இரண்டாவது, அந்தந்த ஆண்டில் விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் பெற்ற மதிப்பெண்களையும் பொறுத்து ஏறி இறங்குவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுபவர்கள் பலர் இருப்பதால்தான் இந்த விளக்கம் தேவைப்படுகிறது.

பி.எஸ்சி நர்சிங்: எந்தப் பாடங்களின் மதிப்பெண் கணக்கில் வரும்?

நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பான பி.எஸ்சி நர்சிங்கில் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சேர்த்து 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 45 விழுக்காடு 40 ஆகத் தளர்த்தப்பட்டுள்ளது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'சேர்த்து' என்பதுதான். ஒவ்வொரு பாடத்திலும் 45 எடுத்திருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண் என்பதால், மூன்று பாடங்களுக்கும் 300. அதில் 45 விழுக்காடு என்பது 135. 40 விழுக்காடு என்பது 120. இயற்பியலில் 38, வேதியியலில் 42, உயிரியலில் 61 பெற்ற ஒரு மாணவி மொத்தம் 141 பெற்றிருக்கிறார். அதாவது 47 விழுக்காடு. இயற்பியலில் அவர் பெற்றது தேர்ச்சிக்குரிய 35ஐ ஒட்டிய மதிப்பெண்தான் என்றாலும், உயிரியல் அவரைத் தூக்கிவிடுகிறது, அவர் தகுதியுடையவரே. அதேசமயம், மூன்றிலும் சரியாக 35 எடுத்துத் தேர்ச்சி பெற்றவருக்கு 105தான் வரும். எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றிருந்தும் பி.எஸ்சி நர்சிங்குக்கு அவர் விண்ணப்பிக்க இயலாது. தமிழிலோ கணிதத்திலோ குறைந்துபோன மதிப்பெண், மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்குச் சங்கடமாக ஆக்குமே தவிர, இந்தத் தகுதிக் கணக்கில் நுழைவதில்லை. தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவ்விரண்டும் சேர்ந்தே உயிரியலாகக் கொள்ளப்படும்.

134 மதிப்பெண் எடுத்தவருக்கு 44.67 விழுக்காடு வருகிறது. அதை 45 என்று முழுமையாக்கிக்கொள்ள விதியில் இடமில்லை. இத்தகைய நூலிழை வேறுபாட்டில் நிற்பவர்கள், அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் தேதிகளுக்குள் விடைத்தாள் நகல் பெற்று, பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிப்பது பயனுள்ள செயல். ஒரு மதிப்பெண் கூடினால் ஒரு கல்வியாண்டு மிஞ்சும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே அந்த ஏற்பாடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏதேனும் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாதவர்கள் துணைத் தேர்வெழுதி அதே ஆண்டில் தேர்ச்சி பெறலாம். முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று கவுன்சில் விதி எங்கும் கூறவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, இதே அறிவியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் எடுத்துத் தேர்ச்சி பெற்றவர்களையும் விதி ஏற்கிறது.

நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. பணம் கட்டினால் மதிப்பெண் எவ்வளவு குறைந்திருந்தாலும் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி நர்சிங் கிடைத்துவிடும் என்று இடைத்தரகர்கள் சொல்வதுண்டு. கவுன்சிலின் குறைந்தபட்சத் தகுதி அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் ஒன்றே. பட்டம் வழங்கப்போவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு பல்கலைக்கழகமே அன்றிக் கல்லூரி அன்று. மாணவரின் பெயரைப் பதிவு செய்யும்போது அது மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும். தகுதியில்லாத சேர்க்கை அங்கே நின்றுவிடும், கட்டிய கட்டணம் கைக்குத் திரும்புவது அரிது.

ஜிஎன்எம்: மூன்று ஆண்டுகள், 40 விழுக்காடு

பொது நர்சிங், மகப்பேறு பட்டயப் படிப்பான ஜிஎன்எம், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் பேச்சில் எப்போதும் இரண்டாம் தரமாகவே வருகிறது. அது நியாயமன்று என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். ஏன் என்பதைக் கீழே காணலாம்.

கவுன்சில் விதிப்படி, பிளஸ் டூவில் மொத்தம் 40 விழுக்காடும், ஆங்கிலத்தில் தனியாக 40 விழுக்காடும் இதற்குப் போதும். அறிவியல் பிரிவு விரும்பத்தக்கது என்று மட்டுமே விதி சொல்கிறது. கலை, வணிகவியல் பிரிவுகளில் படித்தவர்களுக்குக் கதவை மூடவில்லை. தொழிற்கல்விப் பிரிவில் உடல்நலம் சார்ந்த பாடத்தை எடுத்தவர்களும் 40 விழுக்காட்டுடன் வரலாம். ஆனால் மாநில அரசு தன் நர்சிங் பள்ளிகளுக்கு வெளியிடும் தகவல் கையேட்டில் கவுன்சில் கேட்பதைவிடக் கூடுதலான நிபந்தனைகளை, குறிப்பாக அறிவியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்பதை, வைக்க முடியும். ஆகவே அறிவியல் அல்லாத பிரிவினர் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் செலுத்தக் கூடாது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பி.எஸ்சி நர்சிங்குக்கு ஆங்கிலத்தில் தேர்ச்சி போதும், அதாவது 35. ஜிஎன்எம்முக்கோ ஆங்கிலத்தில் 40 வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களில் 150 எடுத்து ஆங்கிலத்தில் 36 மட்டும் எடுத்த ஒருவர், பட்டப்படிப்புக்குத் தகுதியுடையவராகவும் பட்டயப் படிப்புக்குத் தகுதியற்றவராகவும் நிற்பார். உயர்ந்த படிப்புக்குத் தகுதி இருந்தால் மற்றதற்குத் தானாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், இரண்டையும் தனித்தனியே சரிபார்ப்பது நல்லது.

ஜிஎன்எம் முடித்தவரும் பி.எஸ்சி முடித்தவரும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வது ஒரே பெயரில்தான்: பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மகப்பேறுப் பணியாளர். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் செவிலியர் தேர்வுக்கு இரு தரப்பினரும் விண்ணப்பிக்கலாம். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் அலுவலர் தேர்வில்கூட, குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஜிஎன்எம் பட்டயதாரர், பட்டதாரியுடன் சேர்ந்து அதே தேர்வை எழுதுகிறார்.

இதற்கு மேல், பட்டம் வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. ஜிஎன்எம் முடித்துப் பதிவு செய்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங் என்னும் இரண்டு ஆண்டுப் படிப்பில் சேரலாம். அங்கே பிளஸ் டூவில் தேர்ச்சி பெற்றிருந்தாலே போதும், 45 விழுக்காடு என்ற பேச்சு எழுவதில்லை. மூன்றும் இரண்டும் ஐந்து. நேரடிப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். 134 மதிப்பெண்ணோடு நின்றுபோனவர் இழப்பது ஓர் ஆண்டு மட்டுமே. இரண்டு படிப்புகளுக்கும் இடையில் பதிவு பெற்ற செவிலியராகச் சம்பளம் வாங்கி வேலை பார்க்கவும் முடியும். பிறகு எம்.எஸ்சி நர்சிங்கில் சேரும்போது கேட்கப்படுவது பட்டப்படிப்பில் பெற்ற 55 விழுக்காடும் ஓர் ஆண்டுப் பணி அனுபவமும்தான்.

ஏஎன்எம்

துணைச் செவிலியர், மகப்பேறுப் பயிற்சியான ஏஎன்எம், பெண்களுக்கு மட்டுமான இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவிலும் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். விழுக்காட்டு வரம்பு இல்லை. கிராமப்புறத் துணைச் சுகாதார நிலையங்களில் தாய்சேய் நலப் பணியைப் பார்க்கும் பயிற்சி இது என்பதால், மருத்துவமனை வார்டில் வேலை பார்க்க விரும்புபவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு சேர வேண்டும். ஏஎன்எம் முடித்துப் பதிவு செய்தவர், அந்தத் தேர்ச்சியையே தகுதியாகக் காட்டி ஜிஎன்எம்மில் சேரலாம். ஜிஎன்எம்முக்குப் பொதுவாக 17 முதல் 35 வரை உள்ள வயது வரம்பின் மேல்எல்லை இவர்களுக்குப் பொருந்தாது.

தரவரிசை, நுழைவுத் தேர்வு, எங்கே முயல வேண்டாம்

தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வின் வழியே நடந்து வந்திருக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களோடு தனியார் கல்லூரிகள் ஒப்படைக்கும் இடங்களும் அதில் வருகின்றன. 69 விழுக்காடு இடஒதுக்கீடு இதற்கும் பொருந்தும்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. சாதிச் சான்றிதழைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டு, பொதுப் பிரிவில் போட்டியிட நேர்ந்து இடத்தை இழப்பது தவிர்க்கக்கூடிய இழப்பு. குறைந்த மதிப்பெண் பெற்றவர் கலந்தாய்வின் முதல் சுற்றோடு மனம் தளர்ந்துவிடக் கூடாது. அதிக மதிப்பெண் பெற்றவர்களில் சிலர் வேறு படிப்புகளுக்குப் போய்விடுவதால் காலியாகும் இடங்கள் அடுத்த சுற்றுகளில்தான் வரும்.

கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பி.எஸ்சி நர்சிங்குக்கு 100 மதிப்பெண் நுழைவுத் தேர்வையும் பரிந்துரைக்கிறது: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், செவிலியர் பணிக்கான மனப்பாங்கு என ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 20. நுழைவுத் தேர்வு நடத்தும் மாநிலங்களுக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பொதுப் பிரிவுக்குக் கேட்கப்படும் 50 என்பது விழுக்காடு அன்று, நூற்றுமானம் (பர்சென்டைல்). தேர்வெழுதியவர்களில் கீழ்ப்பாதிக்கு மேலே நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். தேர்வு கடினமாக இருந்தால் 50க்குக் குறைவான மதிப்பெண்ணும் அந்த இடத்தைப் பெற்றுத்தரும்.

சில வாசல்கள் உண்மையிலேயே உயரமானவை. எய்ம்ஸ் நிறுவனங்களின் பி.எஸ்சி ஹானர்ஸ் நர்சிங்குக்குப் பொதுப் பிரிவினர் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 50. இராணுவ நர்சிங் பணிக்கான படிப்பு, முதல் முயற்சியிலேயே 50 விழுக்காட்டுடன் தேர்ச்சி பெற்ற பெண்களை மட்டுமே ஏற்கிறது; அவர்கள் திருமணமாகாதவராகவோ, மணவிலக்குப் பெற்றவராகவோ, சட்டப்படி பிரிந்து வாழ்பவராகவோ, குடும்பப் பொறுப்பில்லாத கைம்பெண்ணாகவோ இருக்க வேண்டும். துணைத் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றவர் அதற்கு விண்ணப்பிப்பதில் பொருளில்லை. விண்ணப்பக் கட்டணத்தை வேறு இடத்தில் செலவிடலாம்.

உதவித்தொகையில் மதிப்பெண் தடையாக இருப்பதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாணவர்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

பதிவு தராத படிப்புகள்

மதிப்பெண் குறைந்தவர்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்யப்படும் ஆறு மாத, ஓராண்டு 'நர்சிங்' சான்றிதழ் படிப்புகள் ஏராளம். பத்தாம் வகுப்பு போதும் என்பார்கள். வெள்ளைச் சீருடையும் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு எண் இல்லாதவர் அரசுத் தேர்வையோ வெளிநாட்டுச் செவிலியர் உரிமத் தேர்வையோ எழுத முடியாது. மருத்துவமனை உதவியாளராக வேலை பார்க்க அது உதவலாம், அதற்கு மேல் அதிலிருந்து ஏற ஏணி இல்லை.

சேர்வதற்கு முன், படிப்பின் பெயர் ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கிறதா என்பதையும், அந்த நிறுவனம் மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்காக இடம்பெற்றிருக்கிறதா என்பதையும், பி.எஸ்சி என்றால் பல்கலைக்கழக இணைப்பு நடப்பு ஆண்டுக்குச் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஜிஎன்எம்முக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம் பி.எஸ்சிக்கும் ஆள் சேர்க்கலாம். ஆகவே நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், படிப்பின் பெயருக்கு நேரே அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை. மதிப்பெண் சரியாக இருந்தும் சில மாத வயதுக் குறைவால் திரும்ப நேரிடுவதால், விண்ணப்பிக்கும் முன் பிறந்த தேதியையும் ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.