மெயினை அணைத்தால் மட்டும் போதாது: தனியாக ரீவயரிங் செய்யும் தம்பிகளுக்கு

சென்ற வாரமும் அதே கதைதான். பாபநாசம் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. ஐ.டி.ஐ.யில் கம்பியாள் படிப்பு முடித்த பையன், உதவிக்கு ஆள் இல்லாமல் ஒற்றையாக ரீவயரிங் செய்துகொண்டிருந்தான். கூடத்து விளக்கின் ஒயரைப் பிரிக்கும்போது ஷாக் அடித்து, அலுமினிய ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பார்க்கப் போனபோது அவன் சொன்ன முதல் வார்த்தை: "மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏறினேன் அண்ணே."

இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். மெயினை அணைத்தான் என்பது உண்மைதான். ஆனால் சாமி அறையின் மூலையில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மெயின் போனதும் விழித்துக்கொள்வதற்காகத்தானே இன்வெர்ட்டரை வாங்கி வைக்கிறோம்? மின்வாரியம் நிறுத்தினாலும், நீங்கள் கையால் அணைத்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. கண் இமைப்பதற்குள் விளக்கு, ஃபேன் லைனுக்கு 230 வோல்ட்டைக் கொடுத்துவிடும். "12 வோல்ட் பேட்டரிதானே" என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. பேட்டரிதான் 12 வோல்ட். வெளியே வருவது 230. சமையலறை பிளக்கில் டெஸ்டரை வைத்தால் எரியாது, அந்தப் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. அதை நம்பிக் கூடத்தில் ஏணி போட்டால் அங்கே பேஸ், அதாவது கரண்ட் உள்ள ஒயர், காத்திருக்கும். இன்வெர்ட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் பயனில்லை, பேட்டரியில் ஓடத் தொடங்கும். முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்தாலும் பயனில்லை, மெயின் இருக்கும்வரை உள்ளே வரும் கரண்ட் அப்படியே வெளியே போகும். மெயின், முன்பக்க ஸ்விட்ச் இரண்டையும் அணையுங்கள். பிறகு அவுட்புட் ஒயரைக் கழற்றித் தனியே வையுங்கள். மூன்றும் முடிந்த பிறகுதான் ஏணியைத் தொட வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதன் பிறகு டெல்டாவில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் மெயின் எங்கே என்று கேட்பதற்கு முன் இன்வெர்ட்டர் எங்கே என்று கேளுங்கள். கூரையில் சோலார் தகடு இருந்தால் அதையும் கேளுங்கள். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இறங்கும் ஒயரில் மின்சாரம் இருக்கும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, பாகம் பிரித்த வீடு. அண்ணனும் தம்பியும் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாவது மீட்டர் வாங்கியிருப்பார்கள். சுவர் பிரிந்திருக்கும், ஒயர் பிரிந்திருக்காது. தம்பி வீட்டு ரேழி விளக்குக்கு அண்ணன் மீட்டரிலிருந்து பேஸ் வரும். கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல் இரண்டுக்கும் பொதுவாக ஓடும். ஒரு மெயினை அணைத்துவிட்டு வேலை செய்தால் மற்ற வீட்டுக் கரண்ட் உங்களைத் தாக்கும். இரு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் நீங்கள் போய்க் கேட்டு, அந்த மெயினையும் அணைக்க வையுங்கள். மின்கசிவு வந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் புதிதாகப் போட்டது அடிக்கடி விழுகிறது, எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய வீடுகளில் அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கலந்த நியூட்ரல்தான். நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள், காவலைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

ஃபியூஸ் கட்டையைக் கழற்றினால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெயின் மேலேயே வைத்துவிட்டுப் போனால், தொட்டியில் தண்ணீர் இல்லையென்று மோட்டார் போட வருகிற யாராவது மாட்டிவிடுவார்கள். ஃபியூஸுக்குப் பதிலாக வரும் தானியங்கி ஸ்விட்சான எம்.சி.பி. என்றால் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பது ஒரு சாட்சியே அல்ல. உலர்ந்த மூங்கில் ஏணி மேல் நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், முற்றத்து வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டெஸ்ட் லாம்ப்போ மீட்டரோ வைத்து, முதலில் கரண்ட் உள்ள இடத்தில் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். தெரியும். கூட வேலை செய்ய வேண்டிய பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தை அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை தொடங்குகிறது. ஆனால் மொத்த வீட்டையும் ஒரே தடவையாகக் கரண்ட் இல்லாத வீடாக்கிவிட்டால், ஒவ்வொரு ஒயருக்கும் சந்தேகப்பட்டு இறங்கி ஏறும் நேரம் மிச்சமாகிறது. வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் பேட்டரி விளக்கும், துளை போடப் பேட்டரி டிரில்லும் இருந்தால், வேலை நடுவில் கரண்ட் தேவையே படாது.

எதையும் பிரிப்பதற்கு முன், கரண்ட் இருக்கும்போதே வீட்டை வரைந்துகொள்ளுங்கள். எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று கண்டுபிடிக்க இரண்டாவது ஆள் வேண்டாம். அந்த அறைப் பிளக்கில் ஒரு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வந்து ஃபியூஸை எடுங்கள், பாட்டு நின்றால் அதுதான். போர்டைத் திறந்ததும் கைபேசியில் படம் எடுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். புது ஸ்விட்ச் போர்டுகளைச் சுவரில் நின்றபடி இணைக்காமல் திண்ணையில் உட்கார்ந்து ஸ்விட்சுகளுக்கிடையே லூப் ஒயர் போட்டு முடித்துவிட்டு எடுத்துப்போங்கள்.

ஒற்றை ஆளுக்கு உண்மையான சோதனை பைப்பில் ஒயர் இழுப்பதுதான். பழைய ஒயரையே இழுகயிறாக்குங்கள். புதுப் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றின் முனையையும் ஒரே இடத்தில் முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பிணைத்து, செம்பு முனை ஒன்றும் வெளியே குத்தாதபடி இழுக்கும் திசையில் மெலிந்துபோகும்படி டேப் சுற்றுங்கள். சுருளைத் தரையில் போட்டு இழுத்தால் முறுக்கிக்கொண்டு பாதியில் நிற்கும். கவிழ்த்த ஸ்டூலின் காலில் சுருளை மாட்டினால் தானாகச் சுழன்று வரும். நுழையும் பக்கம் ஒரு மீட்டர் தளர்த்தி விட்டு, மறுமுனைக்குப் போய் இழுத்து, திரும்பி வந்து மறுபடி தளர்த்துங்கள். நடை அதிகம்தான், ஆனால் ஒயர் உரியாது. வழுக்கலுக்கு முகப்பவுடர் போதும். கிரீஸும் எண்ணெயும் ஒயரின் தோலைக் கெடுக்கும். இறுகிவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், உள்ளே யாரோ போட்ட ஜாயிண்ட் இருக்கும். நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து அங்கிருந்து இழுங்கள். ஒயர்களோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள், நாளைக்கு வருகிறவன் உங்களை வாழ்த்துவான்.

ஒயரின் பருமன் விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர். இதில் சிக்கனம் வேண்டாம். நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஒயரைத் திறந்தபடி ஓட்டாதீர்கள், எலி விடாது. ஐப்பசி, கார்த்திகையில் பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்திருக்கும், பைப்புக்குள்ளும் நீர் நிற்கும். முடிந்தால் மாசி, பங்குனியில் செய்யுங்கள். எப்போது செய்தாலும் கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்காதீர்கள்.

தகுதிச் சான்று இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டு மெயினைத் திறக்க வேண்டாம். சட்டமும் அனுமதிக்காது. உங்களால் ஆகக்கூடிய உதவி வேறு உண்டு. உங்கள் வீட்டில் ஒரு பையன் தனியாக வேலை செய்தால், மெயின் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருங்கள். அவனுக்கு ஷாக் அடித்தால் அவனைத் தொடாமல் முதலில் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள், பிறகு 108ஐ அழையுங்கள். தயவுசெய்து இன்றே முடித்துவிடு என்று அவனை அவசரப்படுத்தாதீர்கள்.

மின்கசிவுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கேட்டு வாங்குங்கள். சாதாரண 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. மெயினில் மாட்டிய ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது கண்டுகொள்ளாது என்பதால் இன்வெர்ட்டர் லைனுக்கும் தனியாக ஒன்று வேண்டும். அதில் டி என்று எழுதிய பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.