ஹைபிரிட் காரின் பற்றரியில் இருப்பதும் உங்கள் பெற்றோல்தான்

போன கிழமையும் எங்கள் கராஜுக்கு ஒரு அக்வா வந்தது, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து இழுக்கிற டொயோட்டா ஹைபிரிட் கார். புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர், கார் வாங்கி அதிக நாள் இல்லை. "அண்ணை, லீற்றருக்கு 16 தான் ஓடுது, பற்றரி செத்ததைத் தலையில கட்டிப்போட்டாங்கள்" என்று வந்ததும் வராததுமாகக் கொதித்தார். ஸ்கேன் போட்டுப் பார்த்தால் பற்றரிக்கு ஒரு குறையும் இல்லை. சரி, நீங்களே ஓடுங்கோ தம்பி என்று பக்கத்தில் ஏறி இருந்தேன். பரந்தன் சந்தி தாண்டினதிலிருந்து அவருடைய கண் ரோட்டிலேயே இல்லை, எஞ்சின் நின்று பற்றரியில் மட்டும் ஓடும்போது டாஷ்போர்டில் எரிகிற ஈ.வி. விளக்கில்தான் இருந்தது. ஏ9 வீதியில் 30 இல் ஊருகிறார், பின்னால் பஸ்காரன் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் போதும், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி உடனே காலை எடுத்துவிடுகிறார். ரயில் கடவையில் நின்றால் நியூற்றல். ஏசி ஓஃப்.

இவரைப் போல எத்தனை பேர்! 2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு, முதன்முதலாக ஹைபிரிட் ஓடுகிறவர்கள் வன்னியிலும் கூடிவிட்டார்கள். 2022 இல் கியூ.ஆர். காட்டிப் பெற்றோல் வரிசையில் நின்ற சனம், சிக்கனமாய் ஓட வேண்டும் என்று நினைப்பதில் பிழையே இல்லை. பிழை என்னவென்றால், பற்றரியில் ஓடுகிற தூரம் எல்லாம் சும்மா கிடைத்த தூரம் என்று நினைப்பது.

இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அக்வா, சாதாரண பிரியஸ் (பிளக்-இன் வகை அல்ல), அக்சியோ ஹைபிரிட் எதையும் நீங்கள் வீட்டில் வயர் கொழுவிச் சார்ஜ் பண்ணுவதில்லை. அப்படியென்றால் அந்தப் பற்றரிக்குள் இருக்கிற மின்சாரம் எங்கேயிருந்து வந்தது? ஒன்றில் எஞ்சின் பெற்றோல் எரித்து ஏற்றியது, இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வந்தது. பிரேக்கில் வந்ததும் முதலில் பெற்றோல் எரித்து எடுத்த வேகம்தான். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரு பங்கு வெப்பமாய்ப் போய்விடுகிறது. கிணற்றில் இறைத்த தண்ணீரை நேரே வாய்க்காலில் விடாமல், ஓட்டைத் தொட்டியில் நிரப்பி வாளியால் அள்ளி ஊற்றுகிற வேலை இது. நீங்கள் ஈ.வி. விளக்கை அணையவிடாமல் ஊர்ந்து ஊர்ந்து பற்றரியைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவந்தால், பிறகு எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிச் சார்ஜ் ஏற்றியே தீரும். அப்போது நீங்கள் நின்றாலும் அது நிற்காது. மிச்சம் பிடித்ததாக நினைத்த பெற்றோலை அங்கே வட்டியோடு கட்டுகிறீர்கள்.

ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குப் பயப்படாதீர்கள். அந்த எஞ்சின் ஓரளவு பாரம் இழுக்கும்போதுதான் சிக்கனமாய் வேலை செய்கிறது. டாஷ்போர்டில் சார்ஜ், இக்கோ (சிக்கனம்), பவர் என்று பிரித்துக் காட்டுகிற பார் இருக்கிறதே, புறப்படும்போது அது இக்கோ பகுதியின் மேல்பாதி வரை ஏறும்படி தயங்காமல் மிதித்து, 50, 60 க்கு வாருங்கள். பவர் பகுதிக்குள் போக வேண்டாம். வேகம் வந்ததும் காலை முழுதாக எடுங்கள், எஞ்சின் நின்றுவிடும். பிறகு வேகம் குறையாத அளவுக்கு மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டு போங்கள். பற்றரியில் ஓட வேண்டிய இடம் இதுதான். நின்ற காரைப் பற்றரியாலேயே இழுத்து எடுப்பதல்ல.

அடுத்தது பிரேக். ஏ9 இல் மாடு படுத்திருப்பது தூரத்திலேயே தெரியும், முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிறுத்தும் என்றும் தெரியும். பிறகு ஏன் கிட்டப் போய் அமத்துகிறீர்கள்? முன்னமே காலை எடுத்து, சார்ஜ் பார் நிரம்பி வழியாத மாதிரி நீளமாய்ப் பிடியுங்கள், வேகம் பற்றரிக்குத் திரும்பும். சடாரென்று அமத்தினால் பெரும்பங்கு பிரேக் கட்டையில்தான் தேய்ந்து போகும். கியரில் டி-க்கு (D) கீழே இருக்கிற பி-யில் (B) போட்டு ஓடினால் கூடச் சார்ஜ் ஏறும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது நீளமான மலை இறக்கத்துக்கு எஞ்சினைச் சுழற்றி வேகத்தை அடக்க வைத்தது. எங்கள் தட்டை ரோட்டில் அதற்கு வேலை இல்லை. நியூற்றலில் பற்றரி சார்ஜே ஆகாது, அதையும் விடுங்கள்.

80, 90 இல் பறந்துவிட்டு லீற்றருக்கு 25 கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் ஊருக்கு வெளியே 70 தான் தருகிறது, காரும் அதற்குள்தான் சிக்கனம்.

ஏசி விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். பின் சீட்டுக்குக் கீழேயோ பின்னாலேயோ இருக்கிற பற்றரி, நீங்கள் இருக்கிற அதே காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடியைப் பூட்டி, ஏசியையும் நிறுத்தி வைத்து ஓடினால் அதற்குச் சுடுகாற்றுத்தான் கிடைக்கும். சீட்டோரம் இருக்கிற அந்தக் காற்று வலையை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒருவருடைய காரில் நெல்மூட்டை அதை முழுதாக மூடிக்கிடந்தது, கழற்றிப் பார்த்தால் உள்ளே ஃபேன் சிறகு தெரியாத அளவுக்குக் கிரவல் தூசி, நாய் மயிர், கச்சான் கோது. நாள் பூராகக் கிரவல் ரோட்டில் ஓடுகிறவர்கள் சேர்விசுக்கு வரும்போதெல்லாம் அதைத் துப்பரவாக்கச் சொல்லுங்கள். செலவு பெரிதில்லை, பற்றரி மாற்றுவதுதான் பெரிது. அந்தச் செம்மஞ்சள் வயர்களை மட்டும் தெரியாதவர் யாரையும் தொடவிடாதீர்கள். அது ஆளைக் கொல்லும்.

ஒயில், உங்கள் காரின் கையேடு சொல்கிற தடிப்புத்தான். வெக்கை நாடு என்று சொல்லித் தடித்த ஒயிலை ஊற்றினால் எஞ்சின் இழுபடும். 92 ஒக்டேன் பெற்றோல் போதும், 95 அடித்தாலும் ஓடுகிற தூரம் கூடிவிடாது. ரயர் காற்று கதவடி ஸ்டிக்கரில் உள்ளபடி, மாதம் இருமுறை, ரயர் ஆறியிருக்கும்போது.

டாஷ்போர்டில் காட்டுகிற கணக்கைப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். டாங்கை நிரப்பி, ஓடி, அதே பெற்றோல் செட்டில் திரும்ப நிரப்பி, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரித்துக் கொப்பியில் எழுதுங்கள். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடின கிழமை, எஞ்சின் சூடாக முதலே பயணம் முடிவதால், குறைவாய்த்தான் வரும். அந்தக் கிழமையை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள். நாலைந்து டாங்க் கணக்கோடு வாருங்கள், காரில் பிழை இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.