வரியைக் குறை, செலவைக் கூட்டு: ஒரே வாயில் இரண்டு கோரிக்கை

வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வகை வாடிக்கையாளரை நன்றாகத் தெரியும். உட்கார்ந்ததும் "இவ்வளவு வரியா, எதற்கு?" என்பார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் பேச்சு அரசியலுக்குத் திரும்பும். ஓய்வூதியம் போதவில்லை, ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, தேர்தலில் சொன்னதை இன்னும் செய்யவில்லை என்று அடுக்குவார். இரண்டு புகாரிலும் நியாயம் இருக்கும். ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதுதான் அவருக்குத் தோன்றாது.

இதைப் பேராசை என்று முத்திரை குத்துவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் போகிற வழி கண்ணில் படாதபடி அரசுகளே பல காலமாக ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. அப்புறம் மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்ச் செலவுக்காக அமெரிக்கா 1943-லும் பிரிட்டன் 1944-லும் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தன. அமெரிக்க நிதித்துறையில் அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், சிறிய அரசாங்கம் வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடிய பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். அரசு இவ்வளவு பெருக நாமே வழிசெய்து கொடுத்தோமே என்று பின்னாளில் அவரே வருந்தினார். கைக்கு வராத பணம் போனால் வலிப்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலானோர் பிடித்தம் போக வங்கிக்கு வரும் தொகையைத்தான் சொல்வார்கள். ரீஃபண்ட் வந்தால் அரசு ஏதோ பரிசு கொடுத்ததுபோல் சந்தோஷப்படுவார்கள். கூடுதலாகப் பிடித்த அவர்கள் பணம்தான் திரும்பி வருகிறது.

பொருளின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி இதைவிடச் சத்தமில்லாதது. பிரான்ஸ் 1954-ல் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரி இன்று ஏதோ ஒரு பெயரில் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. வருமான வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் "நான் வரியே கட்டுவதில்லை" என்கிறார். மேலே இருப்பவர் "நாங்கள் மட்டும்தான் கட்டுகிறோம், மற்றவர்கள் அனுபவிக்கிறார்கள்" என்கிறார். இரண்டுமே தப்பு. காலையில் பல் துலக்கும் பேஸ்டிலேயே இருவரும் வரி கட்டிவிட்டுத்தான் பேச வருகிறார்கள்.

கண்ணில் படும் வரி என்ன பாடு படுத்தும், படாத வரி எவ்வளவு சுலபமாகப் போகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மார்கரெட் தாட்சர் அரசு, உள்ளாட்சிச் செலவுக்காகத் தலைவரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 1989-லும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-லும் அமலானது. ஏழைகளுக்குத் தள்ளுபடி இருந்தாலும், ஒரே ஊராட்சியில் மாளிகைக்காரருக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் தலைக்கு ஒரே தொகை. உள்ளாட்சியின் செலவு நேராக ஓட்டுப் போடுகிறவரின் தலையில் தெரிந்தால் அவர் பொறுப்பாகக் கேள்வி கேட்பார் என்பது திட்டம். கேட்டார்கள். ஆனால் உள்ளாட்சியைக் கேட்கவில்லை, தாட்சரைக் கேட்டார்கள். லண்டனில் கலவரம், லட்சக்கணக்கானோர் கட்ட மறுப்பு. 1990 நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வந்த அரசு 1991 பட்ஜெட்டில் தலைவரியில் ஆளுக்கு 140 பவுண்டு குறைத்தது. அந்தப் பணத்துக்கு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 17.5 சதவீதமாக ஏற்றியது. அதற்கு அப்படி ஒரு கலவரம் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த பில் குறைந்தது, கடை பில்லில் கூடியது. அவ்வளவுதான். பல நாட்டு நிதியமைச்சர்கள் இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்துவிட்டார்கள். நாம்தான் படிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது என் வாடிக்கையாளர்கள் பலருக்குப் பிடிக்காது. இலவசங்களைப் பற்றிக் கோபப்படும் அதே ஆள் என்னிடம் கேட்பது: வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டா, சேமிப்புக்கு விலக்கு உண்டா, இந்த வருமானத்துக்குக் குறைந்த விகிதம் பொருந்துமா? கேட்க வேண்டியதுதான், சட்டம் தருவதை வாங்கிக் கொடுப்பதற்குத்தானே எனக்குக் கட்டணம். ஆனால் கணக்குப்படி பார்த்தால் அரசு ஒருவருக்கு ஆயிரம் கொடுப்பதும், இன்னொருவரிடம் வாங்க வேண்டிய ஆயிரத்தை வேண்டாம் என்று விடுவதும் கஜானாவுக்கு ஒன்றேதான். அமெரிக்க நிதித்துறையில் இருந்த ஸ்டான்லி சரே 1967-லேயே இதை எடுத்துச் சொன்னார். அதன் பிறகு வரிச் சலுகைகளால் இழக்கும் வருவாயைத் தனிப் பட்டியலாக வெளியிடும் வழக்கம் அங்கே தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. சலுகை என்றால் உரிமை, உதவித்தொகை என்றால் பிச்சை என்று பேசுபவர்கள் ஒருமுறையாவது அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். அதிக வருமானம் உள்ளவருக்குத்தான் கழிவால் அதிக லாபம்.

சரி, வாக்குறுதிகளுக்கு வருவோம். எந்த வாக்குறுதிக்கும் பணம் வரக்கூடிய வாசல்கள் கொஞ்சம்தான். வரியைக் கூட்டலாம், வேறு செலவை வெட்டலாம், கடன் வாங்கலாம், நோட்டு அடிக்கலாம். கடன் என்பது தள்ளிப்போட்ட வரி. நோட்டு அடித்தால் விலைவாசியாக வந்து சேரும். இவை போக, மேடையில் சொல்வதற்கென்றே இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பொருளாதாரம் வளர்ந்து தானாகவே பணம் வரும் என்பது. இன்னொன்று, வீண் செலவைக் குறைத்தாலே போதும் என்பது.

முதலாவதை அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 2012-ல் உண்மையாகவே செய்து பார்த்தது. வருமான வரி விகிதங்களைக் குறைத்து, பலவகைத் தொழில் வருமானத்துக்கு மாநில வரியையே எடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, கஜானாவில் பள்ளம் விழுந்தது. 2015-ல் விற்பனை வரியையும் சிகரெட் வரியையும் ஏற்றினார்கள், அதாவது மறுபடியும் கண்ணில் படாத பக்கம். கடைசியில் 2017-ல் ஆளுநரின் சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சட்டமன்றமே அவருடைய வீட்டோவை மீறி அந்தக் குறைப்பில் பெரும்பகுதியை ரத்து செய்தது. 2022 செப்டம்பரில் பிரிட்டனின் லிஸ் டிரஸ் அரசும் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக் குறைப்பை, பணம் எங்கிருந்து என்று சொல்லாமல் அறிவித்தது. கடன் சந்தை, அதாவது அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள், சில நாள்கூடப் பொறுக்கவில்லை. பதவியேற்ற ஏழு வாரத்தில் அவருடைய பிரதமர் பதவியே போய்விட்டது.

இரண்டாவது வாசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீண் செலவு எல்லா அரசிலும் இருக்கிறது, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எது வீண் என்று பட்டியல் போடச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொருவர் பட்டியலிலும் அடுத்தவருக்குப் போகும் பணம்தான் இருக்கும்.

வாக்குறுதியோடு விலைச்சீட்டும் சேர்ந்திருந்தால் மக்கள் வேறு மாதிரி முடிவெடுப்பார்களா? சுவிட்சர்லாந்தில் மக்களே வாக்களித்து முடிவெடுப்பதால் ஓரளவு பார்க்க முடிகிறது. 2001-ல் அரசின் கடனுக்குக் கடிவாளம் போடும் விதியை 85 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2012-ல் எல்லோருக்கும் ஆறு வார விடுமுறை என்ற யோசனையை மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். தொழிலுக்கு என்ன செலவாகும், வேலைகள் போகுமா என்பதே அன்றைய விவாதமாக இருந்தது. ஆனால் அதே மக்கள் 2024 மார்ச் 3 அன்று, ஆண்டுக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் வேண்டும் என்று 58 சதவீத வாக்கில் முடிவெடுத்தார்கள். அதே நாளில் ஓய்வு வயதைக் கூட்டும் யோசனையை முக்கால்வாசிப் பேர் நிராகரித்தார்கள். பணம் எங்கிருந்து என்பது அந்த ஓய்வூதிய யோசனையில் எழுதப்படவில்லை. நுகர்வு வரியா, சம்பளப் பிடித்தமா என்ற சண்டை பின்னர் நாடாளுமன்றத்துக்குப் போனது. சுவிஸ்காரர்கள் திடீரென்று பொறுப்பற்றவர்கள் ஆகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. இந்த முறை சீட்டில் விலை இல்லை, அவ்வளவே.

இன்னொரு வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன்: "அவர்கள் திருடுகிறார்கள், நான் மட்டும் ஏன் ஒழுங்காகக் கட்ட வேண்டும்?" இதை அலட்சியப்படுத்த முடியாது. 2024 ஜூனில் கென்யாவில் இளைஞர்கள் வீதிக்கு வந்தபோது, வரி உயர்வோடு ஆட்சியாளர்களின் ஆடம்பரமும் ஊழலும்தான் அவர்கள் கோபமாக இருந்தது. அந்த நிதி மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அது வெளிப்படையான எதிர்ப்பு. பில் இல்லாமல் வாங்கிக்கொள்கிறேன் என்பது எதிர்ப்பு ஆகாது. அதனால் எந்த அமைச்சரின் செலவும் குறைவதில்லை. விட்டுப்போன தொகை ஒளிய இடமில்லாதவர் தலையில் விழுகிறது, அதாவது சம்பளக்காரர் மீதும் விலை கொடுத்து வாங்குகிற எல்லோர் மீதும். கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் பட்ஜெட், தணிக்கை அறிக்கை, வாக்குச்சாவடி.

இதற்கு ஓரளவு வழி கண்ட நாடுகளும் உண்டு. நெதர்லாந்தில் 1986 முதல் கட்சிகள் விரும்பினால் தேர்தல் அறிக்கையை மத்தியத் திட்டமிடல் ஆய்வகத்திடம் கொடுத்து, வரவு செலவில் என்ன மாற்றம் வரும் என்று கணக்கிட்டு வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் 2012-ல் அமைந்த நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் இதேபோல் வாக்குறுதிகளுக்கு விலை போடுகிறது, தேர்தல் முடிந்தபின் அறிக்கையும் வெளியிடுகிறது. இதனால் பெரிய வாக்குறுதிகள் நின்றுவிடவில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. நல்ல ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் வரி கட்டத் தயார் என்று ஒரு சமூகம் தெரிந்தே முடிவெடுத்தால் அதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? அப்படி ஓர் அமைப்பு இல்லாத இடங்களில், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் எந்த ஆண்டிலிருந்து, யாரிடமிருந்து, எவ்வளவு என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான். "வளர்ச்சியில் வந்துவிடும்" என்றால், வராவிட்டால் எந்த வரி ஏறும் என்றும் கேளுங்கள்.