மதியத்தில் அளந்தால் ஆறு நலமாகத்தான் தெரியும்

மீன்கள் செத்து மிதக்கின்றன என்று எங்கள் கண்காணிப்பு நிலையத்துக்குத் தகவல் வரும்போது பெரும்பாலும் வெயில் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் போய் அளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். அதை வைத்து 'ஆற்றில் குறையில்லை' என்று எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய தவறு எங்கள் தொழிலில் இல்லை.

கழிவுநீரும் உரமும் சேரும் ஆற்றில் பாசி பெருகும். பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடும். இருட்டியபின் பாசியும் பாக்டீரியாவும் மீனும் சுவாசித்தே அந்த ஆக்சிஜன் இருப்பைத் தீர்க்கும். விடிவதற்குச் சற்று முன் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன் சாவது அப்போதுதான். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. இரவு முழுக்கப் பதிவு செய்யும் சென்சார் இல்லாமல் இது பிடிபடாது.

சென்சார் இல்லாத இடத்தில் ஆற்றின் அடிக்கற்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை இளம்பூச்சிகளில் பெரும்பாலானவை ஆக்சிஜன் குறைந்தால் தாக்குப்பிடிக்காது. ரத்தப்புழுவோ (கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் சிவந்த புழு) ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் உடையது, சேற்றிலும் சமாளிக்கும். முந்தையவை மறைந்து இது மட்டும் மண்டிக்கிடந்தால், பல வாரங்களாகவே ஆறு திணறுகிறது என்று பொருள். 1948-இல் அமெரிக்காவின் கானஸ்டோகா ஆற்றுப்படுகையில் உயிரியலாளர் ரூத் பேட்ரிக் தலைமையிலான குழு, பல்வகை உயிரினங்களையும் சேர்த்துக் கணக்கெடுத்துத்தான் மாசின் அளவை எடைபோட்டது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நிலையத் தலைவரின் நேரத்தில் பெரும்பகுதி ஆற்றுக்குள் கழிவதில்லை. சென்சாரில் படியும் பாசியைத் துடைத்தார்களா, அளவுத்திருத்தம் செய்தார்களா, ஆள் மாறினாலும் அதே இடத்தில் அதே வலையால் அதே நேரம் மாதிரி எடுத்தார்களா என்று பார்ப்பதில்தான் போகும். கருவியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் சில காலம் சேர்த்தே ஓடவிடுவோம். இல்லாவிட்டால் மாறியது ஆறா கருவியா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இந்தச் செலவைத்தான் நிதி தருபவர்கள் முதலில் வெட்டுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கரையோரம் வசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், சாகும்வரை காத்திருக்காமல் அந்த அதிகாலையிலேயே தகவல் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்துவையுங்கள். தண்ணீரின் நிறம், வாடை, முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியும்.